ஸ்போர்ட்டி எஸ்யுவியா, ஏழு பேர் அமரும் குடும்ப வாகனமா? கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

மலேசியாவில் 2024-ஆம் ஆண்டு 816,747 புதிய வாகனங்கள் விற்பனையாகின. மலேசிய வாகனச் சங்கத்தின் கணக்குப்படி அதுவரை இல்லாத உச்சம் இது. 2022-இல் 720,658, 2023-இல் 799,731 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சாதனை முறியடிக்கப்பட்டது.

இந்த எண்களுக்குப் பின்னால் நிறைய வீட்டு வாக்குவாதங்கள் இருக்கின்றன. "நாலு பேர்தானே, எதுக்கு வேன் மாதிரி ஒன்னு?" என்று கணவர் கேட்பார். "அத்தையும் மாமாவும் எங்க உக்காருவாங்க?" என்று மனைவி கேட்பார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் சரி, கிள்ளான் தாமான் வீட்டிலும் சரி, கேள்வி இதுதான்: ஓட்டுவதற்கு விறுவிறுப்பான, பார்க்க எடுப்பான சொகுசு எஸ்யுவியா? இல்லை, மூன்று வரிசை இருக்கையுள்ள எம்பிவி என்ற குடும்ப வாகனமா?

இது ரசனையைப் பற்றிய கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இந்நாட்டில் வாகனக் கடனை ஒன்பது ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இன்று மூன்று வயதுக் குழந்தையோடு கார் வாங்குபவர், அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கும் காலத்தில்தான் கடைசித் தவணையைக் கட்டுவார். அதனால் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

எஸ்யுவி, எம்பிவி: உண்மையில் என்ன வித்தியாசம்?

உயரமான தரை இடைவெளி, பெரிய சக்கரம், முறுக்கான தோற்றம், பொதுவாக இரண்டு வரிசை இருக்கை என்றால் எஸ்யுவி. தாழ்வான தளம், நீளமான கூரை, மூன்று வரிசை இருக்கை என்றால் எம்பிவி. பொதுவான வரையறை இவ்வளவுதான்.

இப்போது அந்தக் கோடு மங்கிவிட்டது. 2023 மே மாதம் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்90-ஐ எஸ்யுவி என்றுதான் விற்கிறார்கள். ஆனால் அதில் ஆறு அல்லது ஏழு பேர் அமரலாம். 2022 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை பெரோடுவா அல்சா எம்பிவிதான். ஆனால் முகப்பைப் பார்த்தால் எஸ்யுவி சாயல் தெரியும்.

மலேசியக் குடும்பங்களுக்கு மூன்று வரிசை வாகனம் புதிதல்ல. டோயோட்டா அன்சர், நாசா ரியா என்று ஒரு தலைமுறை ஓட்டியது. 2009-இல் புரோட்டோன் எக்சோராவும், அதே ஆண்டு நவம்பரில் முதல் அல்சாவும் வந்து, ஏழு இருக்கைகளைச் சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு எட்ட வைத்தன. 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70 வந்த பிறகு எஸ்யுவி ஆசையும் அதே வீடுகளுக்குள் நுழைந்தது.

ஒரே விலை, இரண்டு வாகனம்

இந்தக் கேள்விக்கு நம் சந்தையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2023 ஜூன் மாதம் அறிமுகமான டோயோட்டா இன்னோவா ஸெனிக்ஸ் ஹைப்ரிட்டின் அப்போதைய விலை 202,000 ரிங்கிட். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஹோண்டா சிஆர்-வி ஹைப்ரிட் ஆர்எஸ், அதாவது அந்த வரிசையின் ஸ்போர்ட்டி ரகம், 195,900 ரிங்கிட்.

விலை வித்தியாசம் சுமார் ஆறாயிரம். இரண்டும் உள்நாட்டில் பொருத்தப்படுபவை. இரண்டிலும் 2.0 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சின். ஒன்றில் ஐந்து இருக்கை, மற்றொன்றில் மூன்று வரிசை.

அந்த மூன்றாவது வரிசை எங்கிருந்து வந்தது? நீளத்தைப் பார்த்தால் ஸெனிக்ஸ் சுமார் 4.76 மீட்டர், சிஆர்-வி சுமார் 4.69 மீட்டர். ஏழு சென்டிமீட்டர்தான் அதிகம். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஸெனிக்ஸில் 2.85 மீட்டர், சிஆர்-வியில் 2.70 மீட்டர். உயரத்திலும் ஸெனிக்ஸ் சுமார் பத்து சென்டிமீட்டர் கூடுதல். ஏறக்குறைய அதே நிறுத்துமிடத்தில் நிற்கும் வாகனத்துக்குள் இருவருக்கோ மூவருக்கோ கூடுதல் இடம் கிடைப்பது இப்படித்தான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. உயரமான, நீளமான உடல் வளைவுகளில் கூடுதலாகச் சாயும். காராக் நெடுஞ்சாலையிலோ கேமரன் மலைப் பாதையிலோ ஓட்டிப் பார்த்தால், தாழ்வாகவும் இறுக்கமாகவும் அமைந்த எஸ்யுவி தரும் நம்பிக்கை வேறு. அதற்காகப் பணம் கொடுப்பவரை வெறும் பகட்டுக்காரர் என்று சொல்ல முடியாது.

சொகுசுப் பிரிவிலும் இதே கதைதான். ஷா ஆலாமில் பொருத்தப்படும் வோல்வோ எக்ஸ்சி60, எக்ஸ்சி90 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 1,969 சிசி எஞ்சின். முதலாவது ஐந்து பேருக்கு, இரண்டாவது ஏழு பேருக்கு. அகலத்தில் இரண்டுக்கும் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். நீளத்தில் சுமார் 25 சென்டிமீட்டர்.

இடம் மலிவு, பெயர்தான் விலை

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலேசியாவில் ஏழு இருக்கைக்காகப் பெரும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அல்சாவின் அறிமுக விலை 62,500 முதல் 75,500 ரிங்கிட் வரை. மறுபக்கம், 2022 மார்ச்சில் கெடா, கூலிம் ஆலையில் பொருத்தி விற்பனைக்கு வந்த போர்ஷே கயேனின் விலை 550,000 ரிங்கிட். போர்ஷே ஐரோப்பாவுக்கு வெளியே வாகனம் பொருத்தியது அதுவே முதல் முறை. உள்நாட்டில் பொருத்தியும் அந்த விலை. அதில் ஐந்து பேர் அமரலாம்.

ஆக, பணம் போவது இடத்துக்கு அல்ல. எஞ்சின் சக்திக்கும், உள் அலங்காரத்துக்கும், முகப்பில் இருக்கும் சின்னத்துக்கும், அவற்றின் மேல் விழும் வரிக்கும் போகிறது. இந்நாட்டில் கார்களுக்கு 60 முதல் 105 விழுக்காடு வரை கலால் வரி உண்டு. விற்பனை வரி 10 விழுக்காடு தனி. அடிப்படை விலை ஏற ஏற, வரியும் சேர்ந்தே ஏறும்.

மாதத் தவணை எவ்வளவு வரும்?

ஒப்பிட எளிதாக, எல்லா வாகனத்துக்கும் ஒரே கணக்கைப் போடுவோம். 10 விழுக்காடு முன்பணம், 3 விழுக்காடு நிலையான வட்டி, ஒன்பது ஆண்டு. வங்கி கொடுக்கும் விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். இங்கே 3 விழுக்காடு என்பது ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டது.

* பெரோடுவா அல்சா, 75,500 ரிங்கிட்: மாதம் சுமார் 799 ரிங்கிட்
* புரோட்டோன் எக்ஸ்90 தொடக்க ரகம், அறிமுக விலை 123,800 ரிங்கிட்: மாதம் சுமார் 1,310 ரிங்கிட்
* ஹோண்டா சிஆர்-வி ஹைப்ரிட் ஆர்எஸ், 195,900 ரிங்கிட்: மாதம் சுமார் 2,073 ரிங்கிட்
* டோயோட்டா இன்னோவா ஸெனிக்ஸ் ஹைப்ரிட், 202,000 ரிங்கிட்: மாதம் சுமார் 2,138 ரிங்கிட்
* போர்ஷே கயேன், 550,000 ரிங்கிட்: மாதம் சுமார் 5,821 ரிங்கிட்

இந்த வட்டி முறையில், கடன் குறைந்தாலும் வட்டி தொடக்கத் தொகைக்கே கணக்கிடப்படும். ஒன்பது ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றால் கடனின் 27 விழுக்காடு வட்டியாகப் போகிறது. ஸெனிக்ஸுக்கு அது 49,086 ரிங்கிட். கயேனுக்கு 133,650 ரிங்கிட். கயேனின் வட்டித் தொகையில் ஓர் எக்ஸ்90 வாங்கிவிடலாம் என்பதைக் கவனியுங்கள்.

அல்சாவுக்கும் ஸெனிக்ஸுக்கும் இடையில் மாதம் 1,339 ரிங்கிட் வித்தியாசம். ஆண்டுக்குச் சுமார் 16,000. இரண்டிலும் மூன்று வரிசை உண்டு. ஸெனிக்ஸ் தரும் அமைதி, எஞ்சின் சக்தி, பின்வரிசை வசதி எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு இந்த 16,000 உங்கள் வீட்டில் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலேசியத் திவால் இலாகா வெளியிடும் புள்ளிவிவரங்களில், தனிநபர் கடன், வணிகக் கடன் ஆகியவற்றோடு வாகனத் தவணைக் கடனும் திவாலுக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தொடர்ந்து இடம்பெறுகிறது. கார் ஏலத்துக்குப் போனாலும் கதை அங்கே முடியாது. ஏலத்தில் கிடைத்த தொகை போக மீதிக் கடனைக் கட்ட வேண்டியவர் வாங்கியவர்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணனோ மச்சானோ இருந்தால் அவருக்கும் அழைப்பு வரும்.

பழைய சொகுசு எஸ்யுவி என்ற ஆசை

புதிய சொகுசு எஸ்யுவி எட்டாது என்று தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி தெரியும். ஏழெட்டு ஆண்டு ஓடிய ஜெர்மன் எஸ்யுவி, புதிய குடும்ப வாகனத்தின் விலைக்கே கிடைக்கிறது. "அதே காசுக்கு இது கிடைக்குதே, ஏன் டோயோட்டா?" என்று தோன்றுவது இயல்பு.

விலை இறங்கியிருக்கலாம். ஆனால் உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. ஏர் சஸ்பென்ஷன், டர்போ, கியர் பெட்டி போன்றவை பழுதானால், ஐந்து லட்சம் ரிங்கிட் வாகனத்துக்கான பில்தான் வரும். உத்தரவாதமும் முடிந்திருக்கும். பழைய காருக்கு வங்கி கொடுக்கும் கடன் காலம் பொதுவாகக் குறைவு, வட்டி கூடுதல்.

சாலை வரியும் காரின் வயதைப் பார்ப்பதில்லை, எஞ்சின் அளவைத்தான் பார்க்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் வாகனங்கள் செடான் வகை, செடான் அல்லாத வகை என்று இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. செடான் அல்லாத வகையில் 1,801 முதல் 2,000 சிசி வரை 360 ரிங்கிட், அதோடு 1,800-க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 40 சென். 2,501 முதல் 3,000 சிசி வரை 840 ரிங்கிட், அதோடு 2,500-க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 1.60 ரிங்கிட்.

அந்தக் கணக்கில் 1,969 சிசி எஞ்சினுக்கு ஆண்டுக்குச் சுமார் 428 ரிங்கிட். 2,995 சிசி எஞ்சினுக்கு 1,632 ரிங்கிட். 1.5 லிட்டர் வாகனமாக இருந்தால், பதிவில் எந்த வகையோ அதைப் பொறுத்து 90 அல்லது 120 ரிங்கிட்தான். எஸ்யுவி என்பதாலோ எம்பிவி என்பதாலோ சாலை போக்குவரத்து இலாகா தனி விலை போடுவதில்லை. எஞ்சின் அளவும் பதிவு வகையும்தான் கணக்கு.

எண்ணெய்ச் செலவும் புடி95-உம்

2025 செப்டம்பர் 30 முதல், ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியக் குடிமக்கள் எல்லாரும் மைகாட் அட்டையைக் காட்டி புடி95 திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தொடங்கியபோது உதவித்தொகை விலை லிட்டருக்கு 1.99 ரிங்கிட், மாத அளவு 300 லிட்டர். உதவித்தொகை இல்லாத விலை அப்போது 2.60 ரிங்கிட். இந்த எண்களெல்லாம் அரசாங்க அறிவிப்பைப் பொறுத்து மாறக்கூடியவை. கார் வாங்கும் நாளில் நடப்பில் உள்ள விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் வேலைக்கு வருபவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். போய்வர சுமார் 70 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 1,540 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் பெரிய எஞ்சினுக்கு 185 லிட்டர் வேண்டும். 5.5 லிட்டர் போதும் என்ற ஹைப்ரிட்டுக்கு 85 லிட்டர். லிட்டருக்கு 1.99 என்றாலே மாதம் சுமார் 200 ரிங்கிட் வித்தியாசம்.

பல சொகுசு டர்போ எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர் கூடுதல் ஆக்டேன் எண்ணெயைப் பரிந்துரைக்கிறார். ரோன்97-க்கு இந்த உதவித்தொகை கிடையாது, விலையும் வாரந்தோறும் மாறும். டீசல் எஸ்யுவி யோசிப்பவர்கள் 2024 ஜூன் 10-ஐ மறக்கக்கூடாது. அன்று தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஒரே நாளில் ஏறியது.

ஏழு இருக்கை என்றால் ஏழு பேரா?

இதுவரை எஸ்யுவிக்கு எதிராகவே பேசியது போல இருக்கலாம். குடும்ப வாகனத்தின் விளம்பரத்திலும் சொல்லாத விஷயங்கள் உண்டு.

முதலில் பூட். அல்சாவில் மூன்றாம் வரிசையை மடக்கினால் 498 லிட்டர் இடம். அதை நிமிர்த்தினால் 137 லிட்டர்தான் மிச்சம். ஏழு பேரும் தீபாவளிக்கு ஈப்போவுக்குப் போகலாம், ஆனால் ஏழு பேரின் துணிப்பையும் முறுக்கு டின்னும் கூடவே வருவது கஷ்டம். ஆட்களா, சாமானா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைதான்.

இரண்டாவது, ஏறி இறங்குவது. மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசை இருக்கையை நகர்த்தி, குனிந்து, காலை மடக்கி நுழைய வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. முட்டி வலிக்கும் பாட்டிக்கு அது தண்டனை. "பெரியவங்களுக்காகத்தான் ஏழு சீட்டு எடுத்தோம்" என்று வாங்கிய வாகனத்தில், அந்தப் பெரியவர்களே பின்னால் ஏற முடியாமல் போவது பல வீடுகளில் நடக்கிறது.

மூன்றாவது, குழந்தை இருக்கை. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் வாகனங்களில் அது கட்டாயம். 11 வயதுக்கு உட்பட்ட, 136 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமும் 36 கிலோவுக்குக் குறைவான எடையும் உள்ள பிள்ளைகளுக்கு இந்த விதி பொருந்தும். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான வாகனங்களில் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கின்றன. அங்கே இரண்டு குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால், பின்னால் போகும் வழியே அடைபட்டுவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஏழு வயது மகள், மூன்று வயது மகன், தாத்தா, பாட்டி. மொத்தம் ஆறு பேர். ஐந்து இருக்கை எஸ்யுவியில் இவர்கள் சட்டப்படி ஒன்றாகப் போகவே முடியாது. 2009 முதல் பின்னிருக்கையிலும் இருக்கைப்பட்டை கட்டாயம், மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பும் இல்லை.

ஏழு இருக்கை வாகனத்திலும் இவர்களுக்கு ஒரு திட்டம் வேண்டும். தாத்தா முன் இருக்கையில். மகன் இரண்டாம் வரிசையின் ஓரத்தில், பக்கத்தில் பாட்டி. அம்மாவும் மகளும் பின்வரிசையில், மகளுக்கு பூஸ்டர் இருக்கை. இப்படி ஒழுங்கு செய்தால் பெரியவர்கள் யாரும் பின்னால் தவழ வேண்டியதில்லை. எக்ஸ்90-இன் ஆறு இருக்கை ரகம் போல, நடுவில் வழி விட்ட தனித்தனி இருக்கை இருந்தால் இன்னும் சுலபம்.

பெரியவர்களுக்கு எஸ்யுவி தரும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். அதன் இருக்கை இடுப்பு உயரத்தில் இருப்பதால், தாழ்வான செடானைப் போல விழுந்து உட்கார வேண்டியதில்லை. ஆனால் மிக உயரமான எஸ்யுவியில் ஏறுவதும் சிரமம். எது சரி என்பது உங்கள் அம்மாவின் முட்டிக்குத்தான் தெரியும்.

தெரு, நிறுத்துமிடம், வெள்ளம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓட்டுபவருக்குக் குதிரைத்திறனைவிட அகலம் முக்கியம். அல்சாவின் அகலம் 1,730 மி.மீ. சிஆர்-வி 1,866. கயேன் 1,983. முதலாவதுக்கும் கடைசிக்கும் 25 சென்டிமீட்டர் வித்தியாசம். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ பண்டிகை நேரத்தில் இடம் தேடி அலைந்தவருக்கு அந்த 25 சென்டிமீட்டரின் அருமை புரியும். பழைய அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்து குழந்தையை இறக்க வேண்டியவருக்கு இன்னும் நன்றாகப் புரியும். சில எம்பிவிகளில் உள்ள தள்ளு கதவு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

வெள்ளம் இன்னொரு காரணம். 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு "எஸ்யுவின்னா உயரம், தண்ணி ஏறாது" என்ற பேச்சு பரவலாகக் கேட்கிறது. தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போது உயரம் கொஞ்சம் உதவும், உண்மைதான். ஆனால் ஆளுயரத் தண்ணீரில் எந்த எஸ்யுவியும் தப்பாது.

வெள்ளத்துக்கு உண்மையான பாதுகாப்பு காப்புறுதியில் இருக்கிறது. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. சிறப்பு ஆபத்துப் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதன் கட்டணம் வாகனத்தின் மதிப்பைப் பொறுத்தது, ஆகவே விலை உயர்ந்த வாகனத்துக்கு இதுவும் கூடும். கோரிக்கை இல்லாக் கழிவு அதிகபட்சம் 55 விழுக்காடு வரை கிடைத்தாலும், மீதமுள்ள 45 விழுக்காடு எதன் மேல் என்று பாருங்கள்.

மின்சார வாகனம் வழியாகுமா?

மின்சார வாகனங்களிலும் இதே இரண்டு பாதை உண்டு. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 ஐந்து இருக்கை எஸ்யுவி. பிஒய்டி எம்6 மூன்று வரிசைக் குடும்ப வாகனம்.

ஆனால் விதிகள் மாறிவிட்டன. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதி வரை உண்டு. சாலை வரி விலக்கும் 2025-உடன் முடிந்து, 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட் சக்தியைப் பொறுத்து வரி விதிக்கப்படுகிறது. இதிலும் சக்தி கூடினால் வரி கூடும்.

தாமான் வீட்டு வாசலில் சார்ஜ் செய்ய முடிந்தவருக்கு இது லாபமாக இருக்கலாம். சார்ஜர் இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர், ஏழு பேரோடு நெடுஞ்சாலையில் போகும்போது எங்கே நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

முடிவு செய்ய ஒரு எளிய வழி உண்டு. கடந்த ஓர் ஆண்டின் காலண்டரை எடுங்கள். ஐந்து பேருக்கு மேல் ஒரே காரில் போன நாட்களை எண்ணுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை, கல்யாணங்கள், தீபாவளிப் பயணம், மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக.

அது பத்துப் பன்னிரண்டு நாள்தான் என்றால், மூன்றாம் வரிசை உங்களுக்குக் கட்டாயமில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் ஏழு இருக்கை வாகனத்தை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது ஆறு பேர் வாகனமாக இ-ஹெய்லிங் அழைக்கலாம். ஐந்து இருக்கை எஸ்யுவி ஆசை இருந்து, தவணையும் தாங்கும் என்றால் தயங்க வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறையாவது ஆறு பேர் சேர்ந்து போகிறீர்கள், பெரியவர்கள் கூடவே இருக்கிறார்கள் என்றால் எம்பிவிதான் பொருத்தம். அதிலும் அல்சா போதுமா, எக்ஸ்90 அல்லது ஸெனிக்ஸ் வேண்டுமா என்பது நீங்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அல்சாவின் எஞ்சின் 106 குதிரைத்திறன். ஊருக்குள் அது தாராளம். ஏழு பேரோடு மலை ஏறினால் பொறுமை வேண்டும்.

தினசரி வேலைப் பயணம் மட்டும்தான் பெரிய ஓட்டம் என்றால், அதையும் தனியாகப் பாருங்கள். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கேடிஎம் கொமுட்டர் ஓடுகிறது. கோலாலம்பூருக்குள் இருப்பவர்களுக்கு மாதம் 50 ரிங்கிட்டில் ரேபிட் கேஎல் சேவைகளில் ஏறும் மை50 அட்டை உண்டு. வேலைக்கு ரயில் என்று முடிவானால், காரின் வேலை வார இறுதிக்கும் குடும்பத்துக்கும் மட்டும்தான். அப்போது தேர்வே மாறிவிடும்.

ஷோரூமுக்குப் போகும் முன்

* வீட்டில் உள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முக்கியமாகப் பாட்டி தாத்தாவை. மூன்றாம் வரிசையில் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.
* குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப் போய்ப் பூட்டிப் பாருங்கள். பூட்டிய பிறகு பின்னால் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.
* தள்ளுவண்டி, சக்கர நாற்காலி இருந்தால் பூட்டில் வைத்துப் பாருங்கள், மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது.
* வீட்டு நிறுத்துமிடத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
* தவணை, காப்புறுதி, சாலை வரி, எண்ணெய், டோல், சர்வீஸ் ஆறையும் கூட்டி மாதக் கணக்கில் எழுதுங்கள். விற்பனையாளர் சொல்லும் தவணை அதில் ஒரு வரிதான்.
* பழைய கார் என்றால், பணம் கொடுக்கும் முன் வெளியாள் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.

கூட்டிய தொகையைப் பார்த்து மனது தயங்கினால், அல்லது ஏற்கெனவே எடுத்த காரின் தவணை கழுத்தை இறுக்கினால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே கடன் ஆலோசனை நிலையத்தை அணுகலாம். ஆலோசனை இலவசம். வங்கியிலிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்காமல், முதல் தவணை தடுமாறும்போதே போவது நல்லது. கார் வாசலில் இருக்கும்போது பேசித் தீர்க்க வழிகள் அதிகம். இழுத்துக்கொண்டு போன பிறகு குறைவு.